மாவு மாத்திரை

ஜனவரி 22

கூட்டுறவுச் சங்கத்தார் நூலகத்துக்கு இரண்டு டைரி கொடுத்தார்கள். ஒன்று மேசைக்கு, ஒன்று எனக்கு என்று நானே முடிவு செய்துகொண்டேன். விக்கிரமசிங்கபுரம் நூலகத்தில் அடுத்தவர் எழுதியதை அடுக்கித் துடைத்தே காலம் போய்விட்டது. இந்த வருடம் நானும் கொஞ்சம் எழுதிப் பார்க்கிறேன்.

எழுத வந்த முதல் விஷயமே மானக்கேடு. அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டில் பாபநாசம் வண்டி என்று நினைத்து ஆழ்வார்குறிச்சி வண்டியில் ஏறிவிட்டேன். போர்டில் எழுத்து இருந்ததுதான், எனக்கு அது வெள்ளைப் பூச்சாகத் தெரிந்தது. பாதியில் இறங்கி, எதிர்த்திசை வண்டிக்கு வெயிலில் நின்று, வீடு வந்து சேர்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

என் வீட்டுக்காரர் சொரிமுத்து அரசு பஸ் டிரைவர். பாபநாசம் – திருநெல்வேலி வண்டி. எனக்குத் தாய்மாமன் மகன், அதனால் கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் அத்தான்தான். சொன்னதும் சிரிக்க ஆரம்பித்தவர் சாப்பிட்டு முடிக்கும்வரை நிறுத்தவில்லை.

"ஏளா, டிரைவர் பொண்டாட்டி போர்டு தெரியாம வண்டி மாறி ஏறிட்டாளாம்னு தெரிஞ்சா டெப்போல என் மானம் போயிரும்லா. நான் எதுத்தாப்புல வாற வண்டி போர்ட எங்கன வச்சுப் படிப்பேன் தெரியுமா? வளைவுல திரும்புதப்பவே சொல்லிருவேன்."

அந்தப் பெருமை அவருக்கு எப்போதும் உண்டு. அருளப்பன் அண்ணனோடு (அவர் வண்டிக் கண்டக்டர்) பந்தயம் கட்டி டீ குடிப்பார். எனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

ஜனவரி 31

கண்ணாடி இல்லையாம். சர்க்கரையாம்.

திருநெல்வேலி கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். துணைக்கு வந்தவரையும் சும்மா விடவில்லை, சர்க்கரை உண்டா என்று கேட்டு அவர் கண்ணிலும் சொட்டு மருந்து விட்டு உட்காரவைத்துவிட்டார்கள். இரண்டு பேரும் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். டாக்டர் சண்முகவடிவு விளக்கிச் சொன்னார். கண்ணுக்குப் பின்னால் மயிரிழை போல ரத்தக் குழாய்கள் இருக்கின்றன. வருடக் கணக்கில் சர்க்கரை ஏறி ஏறி அவை இறுகிப்போகும், அங்கங்கே கசியும். எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே நிலை. எனக்குக் கசிவு பார்வையின் நடுவில் வந்ததால் தெரிந்துவிட்டது. அவருக்கு ஓரத்தில் இருக்கிறது, அதனால் இன்னும் தெரியவில்லை.

அவர் நம்பவில்லை. "வளைவுல வச்சே போர்டு படிக்கேன், எனக்கு என்ன நோவு?" என்று திரும்பி வரும் வழியெல்லாம் எதிரே வந்த வண்டிகளின் போர்டைப் படித்துக்கொண்டே வந்தார். சொட்டு மருந்தின் மப்பு இறங்காததால் பாதி தப்பு.

பிப்ரவரி 13

ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. ரத்தக் குழாயைத் தளர்த்தும் ஒரு மாத்திரை, முதலில் வேறு நோய்க்காக வந்தது, கண்ணில் இறுகிப்போன குழாய்களையும் தளர்த்திக் காப்பாற்றுமா என்று பார்க்கிறார்கள். சேருகிறவர்களில் பாதிப் பேருக்கு நிஜ மருந்து. மீதிப் பேருக்கு அதே நிறம், அதே அளவில் மருந்தில்லாத மாத்திரை. யாருக்கு எது என்று நமக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. நிஜ மருந்தில் தலை வலிக்கலாம், முகம் சூடேறிச் சிவக்கலாம், எழுந்தால் கிறுகிறுக்கலாம்.

இருவரும் சேர்ந்தோம். ஆராய்ச்சிப் பிரிவில் பிரின்சி என்று ஒரு பெண், சிரித்த முகம், எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்துக் காட்டினாள். அவரிடம் என்ன வேலை என்று கேட்டாள். "டெப்போல" என்றார். வெளியே வந்ததும் ஏன் டிரைவர் என்று சொல்லவில்லை என்று கேட்டேன். "டெப்போலதான வேல பாக்கேன், பொய்யா சொன்னேன்?" என்றார். ரிட்டயர் ஆகும்வரை ஸ்டியரிங்கை விடமாட்டேன் என்பது அவர் எடுத்துக்கொண்ட சபதம். உடம்பு சரியில்லை என்று வண்டியை விட்டு இறக்கப்பட்டு, மெக்கானிக் ஷெட் பக்கம் உட்கார்ந்து டயர் எண்ணுகிறவர்களைப் பார்த்தால் அவருக்கு ஆகாது. நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

பிப்ரவரி 27

மாத்திரைப் புட்டிகள் வந்துவிட்டன. இரண்டும் ஒரே மாதிரி, எண் மட்டும் வேறு. என்னுடையதற்கு அடையாளமாக மஞ்சள் நூல் கட்டினேன். ஒருவர் மாத்திரையை ஒருவர் சாப்பிடக் கூடாது என்று பிரின்சி திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒரே வீடு என்பதால் அவளுக்குப் பயம். எங்கள் வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுப்பது என்றைக்குமே நான்தான் என்றேன். சாப்பிட்டு எழுந்ததும் உள்ளங்கையை நீட்டுவார். நான் வைப்பேன், அவர் பார்க்காமலே வாயில் போடுவார்.

மார்ச் 9

முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது முகம் திடீரென்று தீப்பிடித்ததுபோல் ஆனது. கழுத்து, காது எல்லாம் சூடு. பிறகு வேர்த்துக் கொட்டியது. தலை விண்விண் என்றது.

எனக்கு நிஜ மருந்துதான்!

மார்ச் 20

நூலகத்தில் பத்திரிகை அடுக்கும்போது மறுபடியும் சூடு. பக்கத்து வீட்டு வள்ளிமயில் மைனி புத்தகம் மாற்ற வந்தவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு, தனக்கும் இந்த வயதில் இப்படித்தான் இருந்தது என்றாள். மைனிக்கு ஊரில் யாருக்கு எது வந்தாலும் தனக்கு முன்பே வந்திருக்க வேண்டும். எனக்கு ஆராய்ச்சி மருந்து என்று சொன்னதும் வாயை மூடிக்கொண்டாள்.

மாதாமாதம் வருகிற தொல்லை பொங்கலுக்குப் பிறகு எட்டிப் பார்க்கவில்லை. விட்டது சனி.

ஏப்ரல் 2

அத்தானிடம் உங்களுக்கு ஏதாவது பண்ணுகிறதா என்று கேட்டேன். ஒன்றுமே பண்ணவில்லை என்றார். கேட்டு வாய் மூடுவதற்குள் பதில் வந்துவிட்டது.

வீடெல்லாம் தைலம் நாறுகிறது. கழுத்துப் பிடிப்பாம், நெற்றியில் தடவிக்கொள்கிறார். காலையில் எழுந்ததும் கொஞ்ச நேரம் கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வயதாகிறது.

ஏப்ரல் 14

சித்திரை விசு. கனி பார்த்தோம். மாங்காய்ப் பச்சடி, எங்கள் இருவருக்கும் சர்க்கரை என்பதால் வெல்லம் போடாமல். வள்ளிமயில் மைனி கொடுத்தனுப்பிய வெல்லப் பச்சடியை எடுத்துத் தின்றார்.

பிரின்சி கொடுத்த தாளை மறுபடி எடுத்துப் படித்தேன். தலைவலி, முகம் சூடு, கிறுகிறுப்பு. அதில் இரண்டு எனக்கு அச்சு அசலாக இருக்கிறது. அவருக்கு ஒன்றுகூட இல்லை. ஆண்டவன் திருவுளச் சீட்டுப் போட்டுப் புத்தகம் அடுக்குகிறவளுக்கு மருந்தைக் கொடுத்துவிட்டு, பஸ் ஓட்டுகிறவருக்கு மாவைக் கொடுத்திருக்கிறான். இது என்ன நியாயம்?

மே 10

ஆஸ்பத்திரி போய்விட்டு அவர் வண்டியிலேயே திரும்பினேன். டிரைவருக்குப் பின் இருக்கை. சேரன்மகாதேவி தாண்டி ஓர் ஆடு குறுக்கே வந்தது. அவர் பிரேக் போட்டது தாமதம் என்று எனக்குத் தோன்றியது. ஆடு தப்பியது. ஒரு சின்னப் பெண் தலையைக் கம்பியில் இடித்துக்கொண்டு அழுதது. அருளப்பன் அண்ணன் போய்த் தேய்த்துவிட்டார்.

வண்டி நிறைய ஆட்கள். எல்லாருடைய உயிரும் அந்த இரண்டு கண்ணில் இருக்கிறது. அந்தக் கண்ணுக்குள் தினமும் மாவு போகிறது. வீடு வரும்வரை எனக்கு அதே நினைப்பு.

மே 11

புளிக்குழம்பு, அப்பளம். இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். கையை நீட்டினார். மஞ்சள் நூல் கட்டிய புட்டியிலிருந்து எடுத்து வைத்தேன்.

அவருடையதை நான் போட்டுக்கொண்டேன். புட்டியில் மாத்திரை மிஞ்சினால் பிரின்சி கேட்பாள்.

மே 29

நல்ல காரியம் செய்தோம் என்று ஒருவரிடமும் சொல்ல முடியாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம்! எழுதியாவது வைக்கிறேன். அத்தான் முகம் தெளிந்துவிட்டது. எழுந்ததும் சுறுசுறுப்பாகக் குளிக்கப் போகிறார். கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்காருவதில்லை. தைலப் புட்டி அலமாரியில் கிடந்த இடத்திலேயே கிடக்கிறது. மருந்து என்றால் இப்படியல்லவா வேலை செய்ய வேண்டும்.

எனக்குத் தலைவலி நின்றபாடில்லை. இப்போது எழுந்தால் கிறுகிறுப்பும் சேர்ந்திருக்கிறது. சாப்பிட்ட மருந்து உடம்பை விட்டு இறங்க நாளாகும்போல.

ஜூலை 8

மாவு தின்றுகொண்டு என் கண் என்ன ஆகும் என்று நினைக்காமல் இல்லை. பயமாகத்தான் இருக்கிறது. புத்தக முதுகில் எண் எழுதும்போது ஒவ்வொன்றையும் இனி எத்தனை நாள் என்று பார்த்துக்கொள்கிறேன். ஆனால் தெரியாத கண்ணோடு புத்தகம் அடுக்கலாம். வண்டி ஓட்ட முடியாது.

ஆகஸ்ட் 11

ஆடி அமாவாசை. காரையாறு சொரிமுத்தையனார் கோயிலுக்குச் சிறப்பு வண்டி. மலைப் பாதைக்கு அனுபவப்பட்ட டிரைவர் வேண்டும் என்று இவரைப் போட்டார்கள். சாமி பேரை வைத்திருப்பதால் இவருக்கு அது பிறப்புரிமை. நானும் ஏறிக்கொண்டேன். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி வளைந்து ஏற, பின்னால் பெண்கள் குலவை போட்டார்கள். நான் சாமியைக் கும்பிடவில்லை, இவருடைய பின்னந்தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மாத்திரை அங்கே வேலை செய்கிறது என்று நினைக்க நினைக்க நெஞ்சு நிறைந்தது.

செப்டம்பர் 4

ஆஸ்பத்திரி நாள்.

எனக்குக் கசிவு குறைந்திருக்கிறதாம். எழுத்துப் பலகையில் போன முறை தெரியாத வரிகளை இந்த முறை படித்தேன். படித்த பிறகுதான் படித்தது எனக்கே தெரிந்தது. பிரின்சி கை தட்டினாள்.

அவருக்குக் கூடியிருக்கிறது. புதிதாக, வரக்கூடாத இடத்தில், மெல்லிய குழாய்கள் முளைக்கின்றனவாம். அவை உடைந்தால் கண்ணுக்குள் ரத்தம் கொட்டும். லேசர் வைக்கத் தேதி கொடுத்தார்கள். அவர் தீபாவளி போகட்டும் என்றார். டாக்டர் திட்டினார். அவர் சிரித்தார். தீபாவளிக்குச் சிறப்பு வண்டிகள் ஓடும், லீவு கேட்டால் ஏன் எதற்கு என்று கேட்பார்கள்.

பரோட்டாதான் காரணம். வீரவநல்லூர்க் கடையில் சால்னாவோடு தின்பது எனக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

செப்டம்பர் 5

பரோட்டாதான்.

செப்டம்பர் 9

ஒரு நினைப்பு வருகிறது. எழுத மாட்டேன்.

செப்டம்பர் 17

பிரின்சிக்குப் போன் செய்தேன். பொதுவாகக் கேட்பதுபோல், நிஜ மருந்து சாப்பிடுகிறவர்களுக்குத் தலைவலி கட்டாயம் வருமா என்று கேட்டேன். சிலருக்கு வரும், சிலருக்கு வராது, சிலர் வந்தாலும் சொல்லமாட்டார்கள் என்றாள். யாருக்கு எது என்று யாரிடம்தான் தெரியும் என்றேன். வேறு ஊரில் பூட்டி வைத்திருக்கிறார்களாம். அவளுக்கே தெரியாது என்று சத்தியம் செய்யாத குறை.

மாற்றிக் கொடுத்துவிடலாமா? மாற்றி, அது தப்பாகிவிட்டால்? இப்போது கொடுப்பதே நிஜ மருந்தாக இருந்து, அதையும் நான் பிடுங்கிவிட்டால்? ஆஸ்பத்திரியில் சொன்னால் இரண்டு பேரையும் நீக்கி, இரண்டு புட்டியையும் வாங்கிக்கொள்வார்கள். இரண்டு புட்டியையும் முன்னால் வைத்துக்கொண்டு சோறு குழையும்வரை உட்கார்ந்திருந்தேன். கையை நீட்டினார். எதையோ வைத்துத்தானே ஆக வேண்டும். நேற்று வைத்ததையே வைத்தேன்.

அக்டோபர் 18

ஆயுத பூஜை. டெப்போவில் வண்டிக்கு வாழைக்கன்று கட்டி, சந்தனம் பூசி, சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பழம் நசுங்கியதை வருடா வருடம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டித் தானே பார்த்துக்கொண்டுதான் வண்டியை நிறுத்துவார். இந்த வருடம் தலையை நீட்டினார், பார்த்தார், பிறகு அருளப்பன் அண்ணனிடம் நசுங்கிவிட்டதா என்று கேட்டார். அருளப்பன் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சுண்டலை அள்ளிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் இனி ஓட்ட வேண்டாம் அத்தான், லீவு போடுங்கள் என்று கெஞ்சினேன், சண்டை போட்டேன், அழுதேன். தீபாவளி மட்டும் என்றார். போகிறவரை மறித்துக்கொண்டு நிற்கவா முடியும்?

நவம்பர் 3

அருளப்பன் அண்ணன் சொன்னதை எழுதுகிறேன்.

பத்தமடை தாண்டி வண்டி மெதுவாகி, ஓரமாக நின்றது. ஸ்டாப்பும் இல்லை, ஆளும் கை காட்டவில்லை. தீபாவளிக் கூட்டம், எல்லாரும் சத்தம் போட்டார்கள். இவர் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, இஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து அருளப்பன் அண்ணன் கையில் கொடுத்தார். "நான் இனி ஓட்டல. கண்ணுக்குள்ள ஒட்டட விழுந்துட்டு" என்றார். அதைக் கேட்ட பிறகுதான் கூட்டம் அடங்கியிருக்கிறது.

ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. வண்டியிலும் ஒரு கீறல் இல்லை. என் அத்தான் நல்ல டிரைவர்.

நவம்பர் 6

தீபாவளி. அத்தானுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன். கண்ணில் ஆஸ்பத்திரியில் போட்ட கட்டு நனையாமல்.

நவம்பர் 24

இடது கண்ணில் ஆபரேஷன். வலது கண்ணில் லேசரும் ஊசியும். எங்கள் இருவர் மாத்திரையும் நின்றுவிட்டது. அவருடையதை ஆஸ்பத்திரியே நிறுத்தியது, என்னுடையதை நானே. பிரின்சியிடம் வீட்டில் இப்படி இருக்கும்போது ஆராய்ச்சிக்கு மனம் வரவில்லை என்றேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையை எனக்கு உதற வேண்டும்போல் இருந்தது.

டிசம்பர் 12

இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது. வலது கண்ணில் ஆள் நிற்பது தெரிகிறது, யார் என்று தெரியவில்லை. இதற்கு மேல் பெரிதாகத் தேறும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர் சண்முகவடிவு. அத்தான் கேட்டுக்கொண்டு, சரிம்மா என்றார். சாப்பாடு எப்படி என்று கேட்டதற்குச் சொல்வதுபோல.

அவரைப் பிரின்சி வெளியே கூட்டிப்போன பிறகு டாக்டர் என்னிடம் சொன்னார். இவ்வளவு பெரிய பாதிப்பு வந்ததால் விதிப்படி அவருக்குக் கொடுத்தது எது என்று பூட்டி வைத்த கணக்கைப் பிரித்துப் பார்த்தார்களாம்.

"அவருக்கு நிஜ மருந்துதான்மா குடுத்திருக்கோம். அத எடுத்தும் இப்படி ஆயிட்டு. இதையும் எழுதித்தான் ஆகணும். நாங்க நெறைய நம்பியிருந்தோம்."

நான் தலையாட்டினேன். எழுந்தபோது நாற்காலி விழுந்தது. எடுத்து நிறுத்திவிட்டு வந்தேன்.

டிசம்பர் 14

எனக்கும் நிஜ மருந்தாக இருந்திருக்கலாம். இரண்டு பேருக்குமே நிஜமாக இருந்திருக்கலாம். அப்படியானால் மாற்றிக் கொடுத்ததில் ஒன்றும் இல்லை. எனக்கு முகம் அப்படிச் சூடேறியதே! தலை அப்படி வலித்ததே! பாபநாசம் உலகம்மை தாயே, என் புட்டியிலும் மருந்து இருந்திருக்க வேண்டும். உன் பேரை வைத்துக்கொண்டிருக்கிறேன், இந்த ஒன்றை மட்டும் செய்.

டிசம்பர் 19

அலமாரியைத் துடைக்கும்போது தைலப் புட்டி கையில் பட்டது. கழுத்துப் பிடிப்பு என்றீர்களே, அது உண்மைதானா என்று கேட்டேன். சிரித்தார்.

"கழுத்துமில்ல கத்திரிக்காயுமில்ல. மாத்திர போட ஆரம்பிச்சதுலேருந்து தலவலி உயிர் போச்சுளா. எந்திரிச்சா கிறுகிறுன்னு வரும். சொன்னா வண்டிய விட்டு எறக்கிருவானுவன்னு சொல்லல. அப்புறம் அதுவா நின்னுட்டு."

எப்போது நின்றது என்று நான் கேட்கவில்லை.

டிசம்பர் 27

தனியாகப் போனேன். நூலகக் கூட்டம் என்று சொல்லிவிட்டு.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சள் நூல், மே மாதம், உள்ளங்கை எல்லாம். கடைசியில், அத்தானை மருந்து எடுத்தவராக எழுதினால் நல்ல மருந்தின் மேல் பழி வந்துவிடும், அதனால்தான் வந்தேன் என்றேன். அதனால் மட்டும் வரவில்லை. என் புட்டியில் என்ன இருந்தது என்று தெரிய வேண்டும்.

பெரியவர்களிடம் பேசி அனுமதி வாங்கி, என்னுடையதையும் பிரித்துப் பார்த்தார்கள். அதுவரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த சின்ன எழுத்து அறிவிப்புகளையெல்லாம் படித்துக்கொண்டிருந்தேன். எல்லாம் தெரிந்தது.

டாக்டர் கூப்பிட்டு, மருந்தில்லாத மாத்திரை என்றார். பிறகு மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டார். பொங்கலோடு நின்றுபோனதைச் சொன்னேன். அந்த வயதில் முகம் சூடேறுவதும் வேர்ப்பதும் தலை வலிப்பதும் எல்லாப் பெண்களுக்கும் வருவதுதான் என்றார். வள்ளிமயில் மைனி நூலகத்தில் நின்று சொன்னதுதான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று ஆயிரம் தடவை அடுத்தவரைச் சொல்லியிருக்கிறேன்.

என் மருந்தை அவர் சாப்பிட்டிருந்தால் அவர் கண் பிழைத்திருக்குமா என்று கேட்டேன். அது அவருடைய மருந்து. வாய் தவறி என்னுடையது என்று வந்துவிட்டது.

"பொழச்சிருக்கலாம். பொழைக்காமலும் இருந்திருக்கலாம். ஒருத்தர வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. சொல்ல முடிஞ்சா நாங்க எதுக்கு இத்தன பேர வச்சுப் பாக்கோம்?"

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டு பேரையும் கணக்கிலிருந்து நீக்கிவிடுவார்களாம், காரணத்தை எழுதி வைப்பார்களாம். யாருக்கு எந்த மாத்திரை கொடுத்தோம் என்பதை மட்டும் அத்தானுக்குச் சொல்ல வேண்டியது முறையாம். மற்றதை நாங்கள் சொல்ல மாட்டோம், நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றார். சொல்கிறேன் என்றேன்.

ஜனவரி 3

சொல்லவில்லை.

ஜனவரி 8

ரசம், பீன்ஸ் பொரியல். சொல்லலாம் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சாப்பிட்டு முடித்துக் கையை நீட்டினார். சர்க்கரை மாத்திரையை வைத்தேன். பார்க்காமலே போட்டுக்கொண்டார். இப்போது பார்த்தாலும் தெரியாது.

ஜனவரி 15

பொங்கல். அருளப்பன் அண்ணன் கரும்போடு வந்தார். டெப்போக்காரர்களும் வந்தார்கள். பிரின்சி போனில் சொன்னதிலிருந்து அத்தானுக்கு ஒரு வேடிக்கைக் கதை கிடைத்துவிட்டது. வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறார்.

"எனக்கு நெஜ மாத்திர, இவளுக்கு வெறும் மாவு. நெஜத்தத் தின்னவன் கண்ணு போச்சு. மாவத் தின்னவ ஊசில நூல் கோக்கா. இது எந்த ஊரு நியாயம்னு கேளுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். தினமும் இட்லிக்கு மாவாட்டுகிறவளுக்கு மாவே மருந்து என்று ஒருவர் சொன்னார். நானும் சிரித்தேன். பொங்கல் அடிப்பிடித்துவிட்டது. என்னைத் தவிர யாரும் சொல்லவில்லை.

எல்லாரும் போன பிறகு அத்தான் சொன்னார்: "நல்ல வேளளா, மாத்திர மாறிக் கெடைக்கல. ஒனக்கு நெஜம் கெடச்சு ஒன் கண்ணும் போயிருந்தா ரெண்டு பேரும் எங்கன போயி முட்டியிருப்போம்?"

அவருக்கு அந்த மருந்தின் மேல்தான் கோபம். என்மேல் துளியும் இல்லை. எனக்கு அவர் காலில் விழ வேண்டும்போல் இருந்தது. பாத்திரத்தைத் தேய்க்கப் போனேன்.

ஜனவரி 22

டைரி தொடங்கி ஒரு வருடம். கூட்டுறவுச் சங்கத்தார் புதியது கொடுத்தார்கள். நூலக மேசையில் வைத்துவிட்டேன். எனக்கு வேண்டாம்.

அத்தானைக் கண் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். அவர் ஓட்டிய அதே வண்டிதான், வேறு டிரைவர். முன் இருக்கையில் எங்களை உட்காரவைத்தார் அருளப்பன் அண்ணன். வண்டி குலுங்குவதை வைத்தே அத்தான் அம்பை தாண்டிவிட்டது, கல்லிடை வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே வந்தார். கியர் மாற்றும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவருடைய இடது கால் தானாக அழுத்தியது. பக்கத்தில் இருந்த ஒரு புதிய ஆளுக்கு நெஜ மாத்திரை, மாவு மாத்திரைக் கதையைச் சொன்னார். அந்த ஆள் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்துத்தான் கிளம்பினேன். அவர் காதருகே குனிந்தேன். அத்தான் என்று கூப்பிட்டேன்.

"ஏளா, இரு" என்று கையை உயர்த்தினார். "எதுத்தாப்புல வண்டி வருது. போர்டு தெரியுதா?"

வீரவநல்லூர் வளைவில் அது திரும்பும்போதே எனக்கு ஒவ்வோர் எழுத்தும் தெரிந்தது. தென்காசி.

"தெரியல அத்தான், பக்கத்துல வரட்டும்" என்றேன்.

தலையைச் சாய்த்துக் கேட்டார். முகம் மலர்ந்தது. "செங்கோட்ட வண்டி. நீ கண்ண வச்சுக்கிட்டு முழிக்க. நான் சத்தத்த வச்சே சொல்லுதேன் பாரு. சரிதானா?"

வண்டி எங்களை உரசிக்கொண்டு கடந்து போனது.

"சரிதான் அத்தான்" என்றேன். "செங்கோட்டதான்."